பூட்டுக்கு யார் காவல்? மியூடெக்ஸைத் தொடங்குவதிலும் அழிப்பதிலும் உள்ள சிக்கல்

மணலி, மாதவரம், எண்ணூர் விரைவுச்சாலை என வடசென்னையில் கன்டெய்னர் லாரிகள் புழங்கும் இடங்களில் உள்ள வேபிரிட்ஜ் (லாரி எடைமேடை) ஒன்றுக்கு எழுதப்பட்ட ஒரு நிரலை எடுத்துக்கொள்வோம். எடை காட்டும் கருவியான இண்டிகேட்டரிலிருந்து சீரியல் போர்ட் வழியாக வரும் எடையை ஒரு த்ரெட் (நிரலுக்குள் தனியாக ஓடும் கட்டளை வரிசை) படித்துக்கொண்டே இருக்கும்; இன்னொரு த்ரெட் எடைச்சீட்டை அச்சிடும்; மூன்றாவது அன்றைய வரவுகளைக் கோப்பில் சேர்க்கும்; மெயின் த்ரெட் திரையைக் கவனித்துக்கொள்ளும். துறைமுகம் நோக்கி லாரிகள் வரிசைகட்டி நிற்கும் நேரத்தில் இந்த நிரல் தடுமாறுவதில்லை. ஷிஃப்ட் முடிந்து மூடும்போது மட்டும், அதுவும் எப்போதாவது, 'செக்மெண்டேஷன் ஃபால்ட்' (தொடக் கூடாத நினைவகத்தைத் தொட்டதால் வரும் பிழை) என்று விழுகிறது. பகிரப்படும் தரவு எல்லாவற்றையும் மியூடெக்ஸ் என்ற பூட்டைப் போட்டுத்தானே தொடுகிறோம், பிறகு இது எப்படி நடக்கிறது என்பது எழுதியவரின் கேள்வி.

விசாரித்தால் இரண்டு பதில்கள் கிடைக்கும். லினக்ஸில் மியூடெக்ஸை அழிக்கும் பங்ஷன் உருப்படியாக எதையும் செய்வதில்லை, அதை அழைக்காமலே விட்டுவிடலாம் என்பது ஒன்று. அழைக்காவிட்டால் நினைவகம் கசியும் என்பது மற்றொன்று. இரண்டிலும் பாதி உண்மை உண்டு. இரண்டுமே கோளாறின் வேரைத் தொடவில்லை. மியூடெக்ஸ் தரவைக் காக்கிறது. ஆனால் அந்த மியூடெக்ஸ் எப்போது பிறக்க வேண்டும், எப்போது அழிய வேண்டும் என்பதை அதுவே காத்துக்கொள்ள முடியாது. அந்தக் காவல் வெளியிலிருந்துதான் வரவேண்டும்.

பூட்டும் நினைவகம்தான்

ஒரே செயல்முறைக்குள், ஒரே நினைவகத்தைப் பகிர்ந்துகொண்டு, தனித்தனியாக ஓடும் கட்டளை வரிசைதான் த்ரெட். ஒரு நேரத்தில் ஒரு த்ரெட் மட்டுமே குறிப்பிட்ட பகுதிக்குள் நுழையலாம் என்று கட்டுப்படுத்தும் பூட்டு மியூடெக்ஸ். ஒரு நிலைமை உண்மையாகும்வரை த்ரெட்டைத் தூங்கவைத்து, உண்மையானதும் எழுப்பப் பயன்படுவது கண்டிஷன் வேரியபிள். யூனிக்ஸ் வகைக் கணினிகளில் இவற்றுக்கான பொது விதிகளை 1995-இல் வந்த பாசிக்ஸ் த்ரெட் தரநிலை வகுத்தது.

இவை மூன்றில் த்ரெட்டைத் தவிர மற்ற இரண்டும் நினைவகத்தில் இடம்பிடித்திருக்கும் சில பைட்டுகள், அவ்வளவே. லினக்ஸில் பரவலாகப் பயன்படும் சி நூலகமான ஜிலிப்சியில், 64-பிட் இன்டெல் வகைக் கணினியில், மியூடெக்ஸுக்கு 40 பைட், கண்டிஷன் வேரியபிளுக்கு 48 பைட். பூட்டுவது என்றால் அந்த 40 பைட்டுக்குள் உள்ள ஒரு எண்ணைப் பிரிக்க முடியாத ஒரே செயலாக மாற்றுவது. பூட்டு ஏற்கெனவே வேறொருவர் கையில் இருந்தால், காத்திருக்கும் த்ரெட் அந்த எண் இருக்கும் முகவரியை இயங்குதளத்தின் மையமான கர்னலிடம் சொல்லிவிட்டுத் தூங்கும். ஃபியூடெக்ஸ் என்ற இந்த ஏற்பாடு 2003-இல் வந்த 2.6 கர்னலிலிருந்து லினக்ஸில் நிலைபெற்றது. விடுவிக்கும் த்ரெட், அதே முகவரியில் தூங்குபவரை எழுப்பும்படி கர்னலைக் கேட்கும்.

ஆகவே மியூடெக்ஸின் அடையாளம் அதன் முகவரிதான். அதை இன்னொரு மாறியில் நகலெடுத்தால் கிடைப்பது இரண்டாவது பூட்டு அல்ல, செல்லாத சில பைட்டுகள். மியூடெக்ஸ் உள்ள ஸ்ட்ரக்சரை (பல மாறிகளின் தொகுப்பை) மெம்காப்பி மூலம் நகலெடுப்பதும், ரியலாக் வழியாக இடம்மாற்றுவதும் இந்தக் காரணத்தாலேயே தவறு.

தொடங்குவதில் உள்ள பொறி

தொடங்க இரண்டு வழிகள் உண்டு. குளோபல் மாறியாக இருந்தால், பித்ரெட்_மியூடெக்ஸ்_இனிஷியலைசர் என்ற மாறிலியை அறிவிக்கும் இடத்திலேயே கொடுத்துவிடலாம். நிரலின் முதல் வரி ஓடுவதற்கு முன்பே பூட்டு தயாராக இருக்கும். ஹீப்பிலோ (ஓடும் நேரத்தில் கேட்டுப் பெறும் நினைவகம்) வேறு ஸ்ட்ரக்சருக்குள்ளோ இருந்தால் பித்ரெட்_மியூடெக்ஸ்_இனிட் பங்ஷனை அழைக்க வேண்டும். அது தோற்கவும் கூடும், எனவே திருப்பித்தரும் மதிப்பைப் பார்க்க வேண்டும். மூன்று பொருள்களில் மூன்றாவது தோற்றால் முதல் இரண்டையும் அழித்துவிட்டுத்தான் வெளியேற வேண்டும்.

சிக்கல் 'தேவைப்படும்போது தொடங்கிக்கொள்ளலாம்' என்ற எண்ணத்தில் பிறக்கிறது. மியூடெக்ஸ் தயாரா என்று ஒரு கொடியை (ஆம், இல்லை என்று காட்டும் மாறியை) பார்த்து, இல்லையென்றால் தொடங்கும்படி எழுதினால் இப்படி நடக்கலாம்:

1. எடை படிக்கும் த்ரெட் கொடியைப் பார்க்கிறது. தயார் இல்லை.
2. அச்சிடும் த்ரெட்டும் அதே கணத்தில் பார்க்கிறது. அதற்கும் தயார் இல்லை.
3. முதல் த்ரெட் மியூடெக்ஸைத் தொடங்குகிறது, பூட்டுகிறது, உள்ளே நுழைகிறது.
4. இரண்டாவது த்ரெட் அதே மியூடெக்ஸை மறுபடியும் தொடங்குகிறது. 'பூட்டப்பட்டிருக்கிறது' என்ற எண் அழிந்து சுழியாகிறது. அதுவும் பூட்டிக்கொண்டு உள்ளே நுழைகிறது.

ஏற்கெனவே தொடங்கிய மியூடெக்ஸை மறுபடி தொடங்கினால் விளைவு வரையறுக்கப்படாதது என்று பாசிக்ஸ் சொல்வதன் நடைமுறைப் பொருள் இதுதான். அந்த இடைவெளியை இன்னொரு மியூடெக்ஸ் போட்டு அடைக்கலாமே என்றால், அந்த மியூடெக்ஸை யார் தொடங்குவது என்ற கேள்வி உடனே வந்து நிற்கும். சங்கிலியின் முதல் கண்ணி, ஓடும் நேரத்தில் தொடங்கத் தேவையில்லாத ஒன்றாக இருந்தாக வேண்டும். பித்ரெட்_ஒன்ஸ் அதற்காகவே உள்ளது: அதன் கட்டுப்பாட்டு மாறி மாறிலியால் தொடங்கப்படுகிறது; எத்தனை த்ரெட்கள் ஒரே நேரத்தில் வந்தாலும், கொடுக்கப்பட்ட பங்ஷன் ஒரே ஒருமுறை ஓடும்; அது முடியும்வரை மற்றவை காத்திருக்கும். சி++11 முதல் பங்ஷனுக்குள் அறிவிக்கப்படும் ஸ்டேட்டிக் மாறிக்கும் இதே உத்தரவாதத்தைக் கம்பைலர் தருகிறது.

கொடியைப் பூட்டு இல்லாமல் ஒருமுறை, பூட்டோடு ஒருமுறை என இரண்டு தடவை பார்க்கும் உத்தி வெகுகாலம் புழக்கத்தில் இருந்தது. கொடி மாறியது தெரிந்தும், அதற்கு முன்பு எழுதப்பட்ட உள்ளடக்கம் மற்ற த்ரெட்டின் கண்ணுக்கு இன்னும் எட்டாமல் இருக்கலாம் என்பதால் அது பிழையானது. ஜாவாவில் 2004-இல் ஜாவா 5 வந்து வாலடைல் மாறியின் விதியை வலுப்படுத்திய பிறகே அந்த உத்தி செல்லுபடியாயிற்று. பித்ரெட்_ஒன்ஸ் கையில் இருக்கும்போது அந்த உத்தியை மறுபடி கையால் எழுதிப் பார்ப்பதில் இன்று பயன் ஏதும் இல்லை.

விண்டோஸில் கிரிட்டிகல் செக்ஷன் என்ற பழைய பூட்டுக்குத் தொடங்குவது, அழிப்பது என்ற இரண்டு அழைப்புகளும் கட்டாயம். விஸ்டாவில் அறிமுகமான எஸ்ஆர்டபிள்யூ லாக்கை மாறிலியாலேயே தொடங்கலாம். அதற்கு அழிக்கும் பங்ஷனே கிடையாது.

உறுப்புகளின் வரிசை

பலர் கவனிக்காமல் கடந்துபோகும் இடம் ஒன்று சி++ வகுப்புகளில் இருக்கிறது. ஒரு வகுப்பின் உறுப்புகள் எந்த வரிசையில் அறிவிக்கப்பட்டுள்ளனவோ அந்த வரிசையில்தான் உருவாகும். பொருளை உருவாக்கும் பங்ஷனான கன்ஸ்ட்ரக்டரில் நீங்கள் வேறு வரிசையில் எழுதினாலும் அது மாறாது. அழியும்போது தலைகீழ் வரிசை.

நம் வேபிரிட்ஜ் வகுப்பில் த்ரெட் உறுப்பு முதலிலும் மியூடெக்ஸ் அதற்குக் கீழும் அறிவிக்கப்பட்டிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். த்ரெட் உருவான கணத்திலேயே ஓடத் தொடங்கிவிடும். அது பூட்டப் போகும் மியூடெக்ஸும், எடைகளைத் தள்ளப் போகும் வரிசையும் (க்யூ) இன்னும் பிறந்திருக்காது. பெரும்பாலான நேரங்களில் மெயின் த்ரெட்டே முந்திக்கொள்ளும் என்பதால் சோதனையில் இது பிடிபடாது.

அழிவில் நிலைமை இன்னும் மோசம். சி++20-இன் ஜேத்ரெட், தன் டிஸ்ட்ரக்டரிலேயே (பொருள் அழியும்போது ஓடும் பங்ஷன்) நிறுத்தக் கோரிக்கை விடுத்து, த்ரெட் முடியும்வரை காத்திருக்கும் வசதியான வகை. ஆனால் அது மேலே அறிவிக்கப்பட்டிருந்தால் கடைசியாகத்தான் அழியும். அதற்குள் மியூடெக்ஸும் வரிசையும் அழிந்திருக்கும், த்ரெட்டோ இன்னும் அவற்றைத் தொட்டுக்கொண்டிருக்கும். ஜேத்ரெட்டை வகுப்பின் கடைசி உறுப்பாக அறிவித்தால் இரண்டு பிழைகளும் ஒரே அடியில் தீரும். ஒரு வரியை இடம்மாற்றும் வேலைதான், ஆனால் பின்னால் வருபவர் அழகுக்காக அகரவரிசையில் அடுக்கிவிடாமல் இருக்க ஒரு குறிப்பும் எழுதிவைப்பது நல்லது.

எப்போது அழிக்கலாம்?

பூட்டப்படாத மியூடெக்ஸை அழிப்பது பாதுகாப்பானது, பூட்டப்பட்டிருக்கும்போது அழித்தால் விளைவு வரையறுக்கப்படாதது என்பது பாசிக்ஸ் விதி. 'அப்படியென்றால் நானே பூட்டி, உடனே விடுவித்து, அழித்துவிடுகிறேன்; என் கைக்கு வந்தது என்றால் வேறு யாரிடமும் இல்லை என்றுதானே பொருள்' என்று சிலர் எழுதுகிறார்கள். அந்தக் கணத்தில் யாரிடமும் இல்லை என்பது மட்டுமே இதனால் உறுதியாகிறது. உங்களுக்குப் பின்னால் அதே முகவரியில் ஒரு த்ரெட் தூங்கிக்கொண்டிருக்கலாம். இன்னொன்று, பூட்டும் பங்ஷனை அழைக்கும் வரிக்கு ஒரு வரி முன்னால் நிற்கலாம். கேட்க வேண்டியது 'இப்போது பூட்டியிருக்கிறதா' என்று அல்ல, 'இனி யாராவது வருவார்களா' என்று. அந்தப் பதில் மியூடெக்ஸின் 40 பைட்டுக்குள் எங்கும் எழுதப்பட்டிருக்காது.

பதில் தெரியும் இடங்கள் இரண்டே. ஒன்று, பயன்படுத்தும் எல்லா த்ரெட்களும் முடிந்துவிட்டன என்று ஜாயின் (ஒரு த்ரெட் முடியும்வரை காத்திருக்கும் அழைப்பு) வழியாக உறுதிசெய்வது. மற்றொன்று, பொருளை வைத்திருப்போரின் எண்ணிக்கையைப் பொருளுக்குள்ளேயே எழுதி, அது சுழியாகும்போது கடைசி ஆள் அழிப்பது.

இரண்டாவது முறையில் நுட்பமான ஒரு கேள்வி உள்ளது. எண்ணிக்கையைக் காக்கும் மியூடெக்ஸும் அதே பொருளுக்குள்தான் இருக்கிறது. ஒரு த்ரெட் எண்ணிக்கையை 2-லிருந்து 1 ஆக்கி, மியூடெக்ஸை விடுவிக்கத் தொடங்குகிறது. விடுவித்தலில் இரண்டு படிகள்: எண்ணைச் சுழியாக்குவது, பிறகு தூங்குபவரை எழுப்பக் கர்னலைக் கேட்பது. முதல் படி முடிந்து இரண்டாவது தொடங்குவதற்குள், மற்ற த்ரெட் பூட்டி, எண்ணிக்கையை 0 ஆக்கி, விடுவித்து, மியூடெக்ஸை அழித்து, நினைவகத்தையும் திருப்பிக் கொடுத்துவிடலாம். முதல் த்ரெட்டின் இரண்டாவது படி இப்போது யாருடைய முகவரியில் நடக்கிறது?

இந்தப் பயன்பாடு செல்லும் என்றே பாசிக்ஸ் சொல்கிறது; விடுவித்த உடனே அழிக்கலாம் என்பது நூலகத்தை எழுதுவோர் மேல் சுமத்தப்பட்ட கடமை. எண்ணைச் சுழியாக்கிய பிறகு மியூடெக்ஸின் பைட்டுகளை அவர்கள் படிக்கவே கூடாது. எழுப்பும் அழைப்பு மட்டும் பழைய முகவரிக்குப் போகலாம். அந்த இடத்தில் இதற்குள் வேறொரு பூட்டு குடிவந்திருந்தால் அதில் தூங்கும் த்ரெட் காரணமின்றி எழும். எழுந்தவர் நிலைமையைப் பார்த்துவிட்டு மறுபடி தூங்கிவிடும்படி எழுதப்பட்டிருப்பதால் கேடில்லை. இந்தக் கடமையில் நூலகங்களே சறுக்கியதுண்டு: ஜிலிப்சியின் செமாஃபோரில் (எண்ணிக்கை வைத்து அனுமதிக்கும் பூட்டு வகை), செம்_போஸ்ட் எண்ணை உயர்த்திய பிறகும் அதே நினைவகத்தை எட்டிப்பார்க்கும் குறை 2015-இல் வந்த 2.21 பதிப்பில்தான் சரிசெய்யப்பட்டது. லினக்ஸ் கர்னலுக்குள் இருக்கும் மியூடெக்ஸோ இந்த உத்தரவாதத்தைத் தருவதே இல்லை. பூட்டு கைமாறிய பிறகும் விடுவிக்கும் பங்ஷன் அந்த ஸ்ட்ரக்சரைத் தொடலாம் என்று கர்னல் ஆவணமே எச்சரிக்கிறது. டிரைவர் எழுதுவோர், பயனர் நிரலில் பழகிய வழக்கத்தை அங்கே அப்படியே கொண்டுபோகக் கூடாது.

எழுப்பிவிட்டு விடுவிப்பதா, விடுவித்துவிட்டு எழுப்புவதா?

எடைச்சீட்டு அச்சிடும் இடத்தை அருகில் போய்ப் பார்க்கலாம். மெயின் த்ரெட் தன் ஸ்டாக்கில் (பங்ஷன் திரும்பியதும் காலியாகிவிடும் நினைவகம்) ஒரு கோரிக்கைப் பொருளை உருவாக்குகிறது. அதில் ஒரு மியூடெக்ஸ், ஒரு கண்டிஷன் வேரியபிள், 'முடிந்தது' என்ற கொடி. அச்சிடும் த்ரெட்டிடம் அதன் முகவரியைக் கொடுத்துவிட்டு, கொடி உயரும்வரை காத்திருக்கிறது. கொடி உயர்ந்ததும் பங்ஷன் திரும்புகிறது, பொருள் அழிகிறது.

அச்சிடும் த்ரெட் வேலையை முடித்து, பூட்டி, கொடியை உயர்த்தி, விடுவித்து, அதன் பிறகு எழுப்புகிறது என்று வைத்துக்கொள்வோம். பூட்டை வைத்துக்கொண்டு எழுப்பினால், எழுந்தவர் உடனே பூட்டுக்காகக் காத்து நிற்க வேண்டும், அது வீண் என்று பலர் சொல்வதைக் கேட்டு எழுதப்பட்ட வரிசை இது. விடுவிப்பதற்கும் எழுப்புவதற்கும் இடையில் மெயின் த்ரெட் தானாகவே எழுந்துவிடலாம், அல்லது இன்னும் தூங்கவே போகாமல் இருந்திருக்கலாம். கொடியைப் பார்க்கும், உயர்ந்திருக்கும், பங்ஷன் திரும்பும். இப்போது அச்சிடும் த்ரெட் எழுப்பும் அழைப்பை விடுப்பது அழிந்துபோன கண்டிஷன் வேரியபிளின் மேல். அந்த ஸ்டாக் இடத்தில் அடுத்த லாரியின் பதிவு எண் உட்கார்ந்திருக்கக்கூடும்.

இங்கே பூட்டைக் கையில் வைத்துக்கொண்டே எழுப்பிவிட்டுப் பிறகு விடுவிப்பதுதான் சரி. மெயின் த்ரெட் கொடியைப் பார்க்கப் பூட்டு வேண்டும். பூட்டு கிடைக்கும்போது எழுப்பும் அழைப்பு முடிந்திருக்கும். விடுவிப்பதற்குப் பிந்தைய அழிவோ மேலே சொன்ன உத்தரவாதத்துக்குள் வருகிறது. காத்திருப்பவர்தான் பொருளுக்குச் சொந்தக்காரர் என்றால், வேக வாதத்துக்கு இடமே இல்லை.

கண்டிஷன் வேரியபிளைப் பொறுத்து இன்னொரு வேறுபாடும் முக்கியம். காத்திருந்த எல்லோரையும் எழுப்பிய உடனே அதை அழிக்கப் பாசிக்ஸ் அனுமதிக்கிறது. ஆனால் எழுந்தவர்கள் காத்திருப்பிலிருந்து வெளியேறும் முன் மியூடெக்ஸை மறுபடி பூட்ட வேண்டும் என்பதால், மியூடெக்ஸை அதே மூச்சில் அழிக்க முடியாது. ஜிலிப்சியில் கண்டிஷன் வேரியபிளை அழிக்கும் பங்ஷன் எழுப்பப்பட்டவர்கள் அதை விட்டு விலகும்வரை காத்திருக்கும். 2017-இல் வந்த 2.25 முதல், எழுப்பப்படாமலே ஒருவர் தூங்கிக்கொண்டிருந்தால் அந்தப் பங்ஷன் திரும்பாமலே போகலாம். பழைய ஜிலிப்சியில் ஓடிய நிரல் புதியதில் மூடும்போது உறைந்துவிட்டால், புதிய நூலகத்தைக் குறைசொல்வதற்கு முன் இதைப் பார்க்க வேண்டும்.

மூடும் வரிசை

இவற்றை வைத்து வேபிரிட்ஜ் நிரலை மூடும் ஒழுங்கு:

1. பூட்டிக்கொண்டு 'நிறுத்து' என்ற கொடியை உயர்த்துவது. பூட்டாமல் உயர்த்தினால், கொடியைப் பார்த்துவிட்டுத் தூங்கப்போகும் த்ரெட் ஒன்று எழுப்பலைத் தவறவிட்டு நிரந்தரமாகத் தூங்கிவிடக்கூடும்.
2. கண்டிஷன் வேரியபிளில் காத்திருக்கும் எல்லோரையும் எழுப்புவது. ஒருவரை மட்டும் எழுப்பினால் போதாது.
3. எல்லா த்ரெட்களையும் ஜாயின் செய்வது.
4. கண்டிஷன் வேரியபிள், மியூடெக்ஸ் ஆகியவற்றை அழித்து, பிறகு நினைவகத்தை விடுவது.

மூன்றாவது படியில்தான் நிஜ நிரல்கள் மாட்டிக்கொள்கின்றன. எடை படிக்கும் த்ரெட் கண்டிஷன் வேரியபிளில் தூங்கவில்லை, சீரியல் போர்ட்டிலிருந்து அடுத்த பைட் வருவதற்காகத் தூங்குகிறது. ஷிஃப்ட் முடியும்போது இண்டிகேட்டரை அணைத்துவிட்டால் இனி ஒரு பைட்டும் வராது, கொடியை அந்த த்ரெட் பார்க்காது, ஜாயின் திரும்பாது, நிரல் உறையும். உறைகிறதே என்று ஜாயினை எடுத்துவிட்டு டிட்டாச் (த்ரெட்டுக்காகக் காத்திராமல் அதன்போக்கில் விட்டுவிடுவது) போடுவார்கள். உறைதல் நின்றுவிடும். ஆனால் யார் எப்போது முடிந்தார்கள் என்று அறியும் ஒரே வழியும் அதோடு போய்விடும்; தொடக்கத்தில் சொன்ன செக்மெண்டேஷன் ஃபால்ட் பெரும்பாலும் இந்த மாற்றத்துக்குப் பிறகுதான் தலைகாட்டும். சரியான மருந்து, ஒரு நொடிக் காலக்கெடுவுடன் படிக்கும்படி சீரியல் போர்ட்டை அமைத்து, ஒவ்வொரு முறை கெடு முடியும்போதும் கொடியைப் பார்ப்பது.

குளோபல் பொருள்கள் இன்னொரு வகை. சி++-இல் மெயின் திரும்பியதும் குளோபல்களின் டிஸ்ட்ரக்டர்கள் ஓடும். டிட்டாச் ஆன த்ரெட்கள் அப்போதும் ஓடிக்கொண்டிருக்கலாம். நிரல் முடியும்வரை தேவைப்படும் பூட்டு என்றால், அதை ஹீப்பில் உருவாக்கி, வேண்டுமென்றே அழிக்காமல் விடுவது ஏற்கத்தக்க வழி. செயல்முறை முடியும்போது அதன் நினைவகம் முழுவதையும் கர்னல் எடுத்துக்கொள்ளும். இதைச் சோம்பல் என்று மதிப்பெண் குறைப்பவர்கள் உண்டு. அழியாத பொருளை யாரும் அழிந்த பிறகு தொட முடியாது என்பதை அவர்கள் கணக்கில் எடுப்பதில்லை.

அழிக்கும் பங்ஷன் எதையும் செய்வதில்லையா?

ஜிலிப்சியில் பித்ரெட்_மியூடெக்ஸ்_டெஸ்ட்ராய் செய்வது மிகக் குறைவு: பூட்டு பயன்பாட்டில் இருப்பதாகத் தெரிந்தால் பிழை எண் தரும், இல்லையென்றால் மியூடெக்ஸின் வகை எண்ணைச் செல்லாததாக மாற்றும். விடுவிக்கத் தனி நினைவகம் எதுவும் இல்லை. யூனிக்ஸ் வகை இயங்குதளமான ஃப்ரீபிஎஸ்டியில் மியூடெக்ஸ் மாறி ஒரு பாயிண்டர்தான், அதாவது முகவரியை மட்டும் வைத்திருக்கும் மாறி. உண்மையான பூட்டு ஹீப்பில் ஒதுக்கப்படுகிறது, அழிக்காவிட்டால் கசியும். ஆக முன்பு சொன்ன இரண்டு பதில்களும் தத்தம் ஊரில் உண்மை. ஆனால் வேபிரிட்ஜ் நிரலை விழவைப்பது அந்தப் பங்ஷன் அல்ல. மியூடெக்ஸ் குடியிருக்கும் பொருளின் நினைவகம் விடுவிக்கப்படுவதுதான் அதை விழவைக்கிறது; டெஸ்ட்ராய் அழைப்பை நீக்கினாலும் அது மாறாது.

மற்ற மொழிகளில்

ஜாவாவில், யாரும் பயன்படுத்தாத நினைவகத்தை மட்டும் தானே மீட்கும் கார்பேஜ் கலெக்டர் இருப்பதால், யாரேனும் வைத்திருக்கும் பூட்டு அழியாது. தூங்கியவர் எழாமல் கிடக்கும் பிழை மட்டும் அங்கேயும் உண்டு. கோ மொழியில் மியூடெக்ஸின் சுழி மதிப்பே தயார்நிலை என்பதால் தொடங்கும் கேள்வி எழுவதில்லை, ஆனால் பயன்படுத்தத் தொடங்கிய பிறகு நகலெடுக்கக் கூடாது. கோ வெட் கருவி அதைக் கண்டுபிடித்துச் சொல்லும். ரஸ்ட் ஒருபடி மேலே போய், மியூடெக்ஸைவிட அதிக காலம் வாழக்கூடிய த்ரெட்டிடம் அதன் முகவரியைக் கொடுத்தால் கம்பைல் செய்யவே மறுக்கிறது. 2022-இல் வந்த 1.63 பதிப்பின் ஸ்கோப்டு த்ரெட்கள், ஜாயினை மறக்க முடியாத வடிவத்தில் அமைத்துத் தருகின்றன.

பிழையை வெளியே கொண்டுவருவது

சி, சி++ நிரல்களுக்கு இரண்டு கருவிகள் உடனே உதவும். வால்கிரைண்டின் ஹெல்கிரைண்ட், பூட்டியிருக்கும் மியூடெக்ஸை அழிப்பதைச் சுட்டிக்காட்டும். ஜிசிசி, கிளாங் இரண்டிலும் உள்ள த்ரெட் சானிடைசர், தரவுப் போட்டிகளோடு (பூட்டின்றி இரு த்ரெட்கள் ஒரே தரவைத் தொடுவது) இந்த வகையையும் பிடிக்கும். ஆனால் இரண்டும், ஓடியபோது உண்மையில் நடந்ததை வைத்தே பேசும். வேபிரிட்ஜ் நிரலை நாள் முழுக்க ஓடவிட்டுச் சோதித்தால், தொடங்குதலும் மூடுதலும் ஒரே ஒருமுறைதான் சோதிக்கப்படுகின்றன. இண்டிகேட்டர் இல்லாமலே, சீரியல் போர்ட்டுக்குப் பதிலாக ஒரு பைப்பை வைத்து, நிரலைத் தொடங்கி ஒரு சீட்டு அச்சிட்டு மூடுவதை ஆயிரக்கணக்கான முறை சுற்றவிட வேண்டும். பூட்டை விடுவிக்கும் வரிக்கு அடுத்து சில மில்லி நொடி தூக்கத்தைச் சொருகி, அந்தச் சிறிய இடைவெளியை வேண்டுமென்றே அகலமாக்கவும் வேண்டும். விடுவித்த பிறகு எழுப்பும் வரிசையில் எழுதப்பட்ட நிரலாக இருந்தால், இந்தச் சோதனையில் அது அதிக நேரம் தாக்குப்பிடிக்காது.